வாசலில் நிற்காத கடன்காரன்

கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று எழுதிப் பலகை மாட்டிய அன்றைக்கே எங்கள் பக்கத்து முதலாளிகளுக்கு ஒரு தைரியம் வந்துவிடும். கம்பெனி வேறு, நான் வேறு. தொழில் நொடித்தால் போட்ட முதல் போகும், வீட்டையும் தோட்டத்தையும் எவனும் தொட முடியாது என்கிற தைரியம். பெரும்பாலான கடன்களுக்கு அது சரிதான். பேங்குக்காரர்கள் மட்டும் விவரமாக முதலாளியிடம் சொந்த ஜாமீன் எழுதி வாங்கிக்கொள்வார்கள். மற்றபடி பஞ்சு வியாபாரியோ இயந்திரம் விற்றவரோ கம்பெனியின் மேல்தான் வழக்குப் போடலாம். முதலாளியின் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.

இரண்டு வகைப் பணம் இந்தக் கணக்கில் சேராது. ஒன்று, தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணம்: பி.எஃப்., இ.எஸ்.ஐ., வருமான வரி. இன்னொன்று, பொருள் வாங்கியவரிடம் வரி என்று சொல்லி வாங்கிய பணம். இவற்றைக் கட்டாமல் விட்டால் அந்தப் பலகைக்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. கணக்கு எழுதியே வயதாகிப்போன எனக்கு இது இப்போது மனப்பாடம். ஆனால் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மனிதர்கள் மாட்டிக்கொண்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மாட்டிக்கொண்டவர்களில் திருடன் என்று சொல்லத்தக்கவர் ஒருவர்கூட இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது கோவையை ஒட்டிய ஒரு நூற்பாலையில். 1980-களின் நடுப்பகுதி. அங்கே ஹெட் கிளார்க்காக இருந்தவரை எல்லாரும் ‘பெரியவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், முதலாளி உட்பட. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. சிவப்பை வெளியே எடுத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பி.காம். முடித்துவிட்டு, உலகத்துக் கணக்கெல்லாம் என் கைக்குள் என்ற நினைப்போடு போனவன் நான். அவரோ என்னைச் சலான் எழுதவும் பேங்குக்கு நடக்கவும்தான் விட்டார். ஒரு பட்டதாரியைப் போய் பேங்குக்கு நடக்கவிடுகிறாரே என்று எனக்குள் ஒரே குமைச்சல்.

அப்போது ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலைகளில் ஏழாம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆறாம் தேதி மாலை பெரியவர் செக் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். சம்பளத்துக்கு ஒரு செக், பி.எஃப்.புக்கு ஒன்று, இ.எஸ்.ஐ.க்கு ஒன்று. மூன்றையும் ஒரே அட்டையில் வைத்து முதலாளியின் மேஜைக்கு அனுப்புவார். பி.எஃப். கட்ட பதினைந்தாம் தேதி வரை நேரம் இருக்கிறதே என்று ஒருமுறை முதலாளி ஒன்றில் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பெரியவர் அதையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். “மூணுலயும் போடுங்க, இல்லாட்டி மூணையும் நீங்களே வெச்சுக்குங்க. ஒண்ண மட்டும் போட்டாச் சம்பளம் குடுத்ததா ஆகாதுங்க.” முதலாளி சிரித்துக்கொண்டே மற்ற இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். அப்படிப்பட்ட காலம்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன், இதற்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று. அவர் திருப்பிக் கேட்டார்: “ஏந்தம்பி, பஸ் கண்டக்டர் பையில இருக்கற காசு ஆரோடது?”

“சேரன் கார்ப்பரேசனோடதுங்க.”

“வீட்டுல அரிசி இல்லீன்னா அதுல எடுப்பானா?”

“எடுத்தா வேலை போயிருமுங்க.”

“எடுத்தா அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சுரும். நம்ம முதலாளி பையைப் பாக்கறதுக்கு ஆள் வர வருசம் ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

அந்தப் பணத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு தொழிலாளிக்கு 2,000 ரூபாய் சம்பளம், 200 ரூபாய் பி.எஃப். பிடித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் பட்டுவாடா ரிஜிஸ்டரில் அவர் 1,800 வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். மீதி 200 சர்க்காரிடம் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு போவார். உண்மையில் அந்த 200 ரூபாய் எங்கேயும் தனியாக எடுத்து வைக்கப்படுவதில்லை. பேங்கில் இருப்பே 1,800 தான் என்றாலும் சம்பளம் கொடுத்துவிடலாம். 200 பிடித்ததாகப் பேரேட்டில் ஒரு வரி எழுதினால் போதும். கையில் இல்லாத பணத்தைக் காகிதத்தில் பிடிப்பது அத்தனை சுலபம். அதனால்தான் பெரியவர் மூன்று செக்கையும் ஒரே அட்டையில் கட்டினார். அவருடைய சிவப்புப் பேனாவைவிட அந்த அட்டைக்குத்தான் நான் இப்போது அதிகம் மரியாதை தருகிறேன்.

பெரியவர் ஓய்வு பெற்ற பிறகு சில வருஷத்தில் ஆலைக்குக் கெட்ட காலம் வந்தது. பஞ்சு விலை ஏறியது, நூல் தேங்கியது, மின்வெட்டு வந்தது. 1997 செப்டம்பரில் பி.எஃப். விகிதமும் 10 சதவீதத்திலிருந்து 12 ஆனது. தொழிலாளி பங்கு 12, ஆலையின் பங்கு 12. பணம் போதாதபோது யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்வி தினமும் காலையில் வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த வரிசையைச் சொல்கிறேன், கேளுங்கள். மின்வாரியத்துக்குக் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள், ஆகவே அது முதலில். பஞ்சு வியாபாரியின் ஆள் கேட்டுக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார், ஆகவே அவருக்கு அடுத்தது. பேங்குத் தவணை தப்பினால் ஓ.டி. நின்றுவிடும். சம்பளம் ஒரு நாள் தள்ளினால் சங்கத்துக்காரர்கள் கொடியோடு வாசலில் நிற்பார்கள். வாசலில் வந்து நிற்காத கடன்காரன் ஒருவன்தான், சர்க்கார். பதினைந்தாம் தேதி வந்தால் யாரும் போன் செய்வதில்லை. இருபதாம் தேதியும் இல்லை. ஆகவே அவனுக்குக் கடைசி இடம், கடைசியில் இடமே இல்லை.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். தீபாவளி போனஸை அந்த மோசமான வருஷத்திலும் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். “சனங்க வீட்டுல பலகாரம் சுடாம இருக்கக்கூடாது” என்றார். அதே மாதம் பி.எஃப். செக்கைப் பார்த்து, “இதை அடுத்த மாசம் சேத்துக் கட்டிக்கலாம்” என்றார். இரண்டையும் சொன்னது ஒரே மனசுதான். தொழிலாளிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அதே தொழிலாளியின் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். இது அவருக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டாம் என்றும் ஒரு பக்கம் இருந்திருக்கலாம். நெருக்கடியில் இருப்பவனுக்கு ‘அடுத்த மாசம்’ மாதிரி இனிப்பான ஒன்று கிடையாது.

பெரியவர் எனக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “வாயில சொன்னதை எழுத்துல வாங்கிக்கோ.” ஒவ்வொரு மாதமும் இவ்வளவு கட்ட வேண்டும், கட்டவில்லை, வட்டியும் அபராதமும் ஏறும் என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பேன். முதலாளி பார்த்துவிட்டு ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு அனுப்புவார். கோபித்துக்கொண்டதில்லை.

ரிங் ஃபிரேமில் சைடராக இருந்த ஒருவர், மகள் கல்யாணத்துக்குப் பி.எஃப். முன்பணம் கேட்டு விண்ணப்பித்தார். ஏழு வருஷம் உறுப்பினராக இருந்தால் தன் பங்கில் பாதியைக் கல்யாணத்துக்கு வாங்கலாம் என்பது அப்போதைய விதி. வந்தது, அவர் மனக்கணக்கில் வைத்திருந்ததைவிட நன்றாகக் குறைந்து வந்தது. கடைசி ஒன்றரை வருஷத்தில் பிடித்தது எதுவும் அவர் கணக்கில் ஏறியிருக்கவில்லை. சம்பளச் சீட்டுகளை ஒரு மஞ்சள் பைக்குள் அடுக்கி எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “பிடிச்சது பிடிச்சதுதானுங்களே? அப்பறம் எங்க போச்சுங்க?” என்று கேட்டார். என் மேஜையில் அதற்குப் பதில் இருந்தது: மின்வாரிய ரசீது, பஞ்சு பில், போனஸ் ரிஜிஸ்டர். அவற்றைக் காட்டி என்ன சொல்வது? விஷயம் பெரியவர் காதுக்கு எட்டி, குறைந்த தொகையை அவர் தன் கையிலிருந்து கொடுத்து அனுப்பினார் என்பது எனக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரியும். கொடுத்தது எதிலிருந்து என்றால், அவருடைய சொந்த பி.எஃப். பணத்திலிருந்து. அவர் காலத்தில் அது ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்ததே.

சைடர் போகும் இடமெல்லாம் கேட்ட கேள்வி கடைசியில் பி.எஃப். அலுவலகத்துக்கும் போனது. ஆய்வாளர் வந்தார், பேரேடுகளைப் பார்த்தார். விசாரணை, உத்தரவு, ஆலையின் பேங்குக் கணக்கு முடக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அதோடு போலீசிலும் புகார். அதில் முதலாளி பெயர் இருந்தது யாருக்கும் ஆச்சரியமில்லை. இரண்டாவதாக இருந்த பெயர்தான் ஆலையையே தூக்கிப் போட்டது: எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர்.

இந்த இடத்தில் என் இளவயதுப் பொறாமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைச் சட்டப்படி ஒவ்வொரு ஆலையும் ‘ஆக்குபையர்’ என்று ஒருவரையும் ‘மேனேஜர்’ என்று ஒருவரையும் பெயர் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. எங்கள் ஆலையில் மேனேஜராகப் பதிவானவர் ஸ்பின்னிங் மாஸ்டர். அலுவலக வாசலில் அவர் பெயரோடு ஒரு பித்தளைப் பலகை. கணக்கையெல்லாம் கட்டி மேய்ப்பவன் நான், பலகை அவருக்கா என்று எனக்கு ஆற்றாமை. போகும்போதும் வரும்போதும் அந்தப் பலகையைப் பார்க்காத மாதிரி போவேன். மனுஷனுக்கு எது எதற்கெல்லாம் பொறாமை வருகிறது பாருங்கள்.

1952-ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தில் ‘முதலாளி’ யார் என்பதற்கு ஒரு விளக்கம் இருந்தது. தொழிற்சாலையைப் பொறுத்தவரை, உடைமையாளரும் ஆக்குபையரும் மட்டுமல்ல, தொழிற்சாலைச் சட்டப்படி மேனேஜர் என்று பெயர் கொடுக்கப்பட்டவரும் அதில் அடக்கம். நாற்பதாம் நெம்பர் நூலையும் அறுபதாம் நெம்பர் நூலையும் விரலால் தொட்டே சொல்லக்கூடிய மனிதர், செக் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திராதவர், சட்டத்தின் முன் முதலாளி ஆகிவிட்டார். கோவை கோபாலபுரத்தில் ஒரு வக்கீலிடம் அவரை நான்தான் அழைத்துப் போனேன். படியேறும்போது சொன்னார்: “எனக்கு நூல் நெம்பர்தான் தெரியும். இந்த செக்ஷன் நெம்பரெல்லாம் எனக்கு எதுக்குங்க?” சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

வக்கீல் விளக்கினார். 1973-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் பி.எஃப். பங்கைப் பிடித்த முதலாளியிடம் அந்தப் பணம் நம்பி ஒப்படைக்கப்பட்டதாகவே கருதப்படும். கட்டாமல் விட்டால் நேர்மையின்றிப் பயன்படுத்திக்கொண்டதாகவே கருதப்படும். எதற்குச் செலவழித்தாய் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. நம்பிக்கை மோசடி. போனஸ் கொடுத்தேன் என்றாலும் அதேதான். தண்டனைச் சட்டத்தின் பெயர் 2024-இல் மாறியும் இந்த விளக்கம் புதிய சட்டத்தில் அப்படியே இருக்கிறது. இதற்கு அப்பால் நிலுவைக்கு 12 சதவீத வட்டி. வட்டிக்கு மேல் நிலுவைத் தொகை அளவுக்கே போகக்கூடிய அபராதம். வசூலிக்க முதலில் ஆலையின் சொத்து. போதாவிட்டால் முதலாளியின் சொந்தச் சொத்து. அதுவும் பலிக்காவிட்டால் கைது செய்து அடைக்கவும் பி.எஃப். சட்டத்தில் வழி இருந்தது.

இயக்குநர் என்று காகிதத்தில் பெயர் இருக்கிற ஒரே காரணத்துக்காக எல்லாரையும் கூண்டில் ஏற்றக்கூடாது, அன்றாட நிர்வாகம் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. நியாயமான பேச்சு. ஆனால் அந்த நியாயம் கிடைக்கும்வரை வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்க வேண்டியது அந்த மனிதர்தானே? எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர் நின்றார். மனைவியிடம் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவார் என்று கேள்விப்பட்டேன்.

முதலாளி தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றார். முதலில் தொழிலாளிகளிடம் பிடித்த பங்கை வட்டியோடு கட்டினார், பிறகு ஆலையின் பங்கை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஸ்பின்னிங் மாஸ்டரைத் தன் காரிலேயே கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். “இவருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, எல்லாம் நாஞ் சொல்லி நடந்தது” என்று கேட்கிறவரிடமெல்லாம் சொன்னார். வக்கீல் அப்படிச் சொல்லக்கூடாது என்று எச்சரித்தும் கேட்கவில்லை. தப்பிக்கும் வழி தேடுகிறவர்கள் நடுவில் அப்படி ஒருவரையும் பார்த்தேன். பணமெல்லாம் கட்டி முடித்த பிறகு வழக்கும் ஒருவழியாக முடிந்தது. பித்தளைப் பலகை போன இடம் தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை.

சில வருஷம் முன்பு நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஓர் உணவகத்தில் கணக்குப் பார்க்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து தயங்கித் தயங்கிப் பேசினாள். வியாபாரம் மந்தம், ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொல்கிறார் உரிமையாளர், செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இவளுக்கும் இருக்கிறது. “ஓனர் சொன்னா நான் என்ன பண்றது அங்கிள்?” எனக்கு எங்கள் ஆலையின் காலை நேரங்கள் அப்படியே ஞாபகம் வந்தன. தேசம் மாறினாலும் வாசலில் நிற்காத கடன்காரன் மாறவில்லை.

அங்கே சட்டம் நம்முடையதைவிட ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறது. ஊழியரிடம் பிடித்த வருமான வரி, அவருடைய சமூகப் பாதுகாப்புப் பங்கு 6.2 சதவீதம், மருத்துவக் காப்பீட்டுப் பங்கு 1.45 சதவீதம் ஆகிய மூன்றும் அரசுக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கும் பணம். கட்டாவிட்டால் வரிச் சட்டத்தின் 6672-ஆம் பிரிவு வருகிறது. கட்ட வேண்டிய பொறுப்பில் இருந்தவர், தெரிந்தே கட்டாமல் விட்டிருந்தால், அந்தத் தொகை முழுவதையும் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். திவால் மனு கொடுத்தாலும் அது கழியாது. ‘தெரிந்தே’ என்பதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. வரி பாக்கி இருப்பது தெரிந்தும் மளிகைக்காரருக்கோ கடை வாடகைக்கோ முதலில் கொடுத்தால் போதும். செக்கில் யார் கையெழுத்துப் போடுகிறார், எந்தக் கடனை முதலில் தீர்ப்பது என்று யார் முடிவு செய்கிறார் என்பதைத்தான் வரி அதிகாரிகள் துருவிக் கேட்பார்கள். சொன்னதை எழுதுகிற குமாஸ்தாவைச் சட்டம் தேடுவதில்லை. ஆனால் அதிகாரம் உள்ளவர், மேலே இருப்பவர் கட்டாதே என்றார், கட்டினால் வேலை போயிருக்கும் என்று சொன்னால் எடுபடாது. 1983-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அப்படித்தான் தீர்ப்பளித்தது.

இத்தனை கண்டிப்புக்கு ஒரு காரணம் உண்டு. சம்பளத்தில் பிடித்தாகிவிட்டால், கம்பெனி கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஊழியர் வரி கட்டியதாகவே அங்கே வரவு வைக்கிறார்கள். இழப்பு அரசுக்கு. அதனால் அரசு கையெழுத்துக்காரரைத் துரத்துகிறது. நம் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவும் இதையே சொன்னது: பிடித்த வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக்கூடாது. பிடித்ததைக் கட்டாதவருக்கு அதே சட்டத்தில் மூன்று மாதம் முதல் ஏழு வருஷம் வரை சிறைத்தண்டனை இருந்தது.

உணவகத்தின் விற்பனை வரியும் அப்படியே. அந்த மாநிலத்தில் 6.625 சதவீதம். தோசை சாப்பிட்டவர் கொடுத்தது அது, தோசைக்கல் வாங்க அல்ல. கட்டாவிட்டால் மாநில அரசும் பொறுப்பாளரைத் தனிப்பட்ட முறையில் கேட்கும். அந்தப் பெண்ணிடம் நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. கட்டச் சொல்லி உரிமையாளருக்கு எழுத்தில் கொடு. கேட்காவிட்டால் கையெழுத்து அதிகாரத்தைத் திருப்பிக் கொடு. அங்கே ஒரு வரி வக்கீலைப் பார் என்றேன். அடுத்த வாரம் மகளிடம் போனில் சொன்னாளாம், கையெழுத்து அதிகாரத்தை விட்டுவிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன் என்று. உரிமையாளர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பரவாயில்லை, முகம்தானே.

விற்பனை வரி என்றதும் ஒரு செய்தி. பொது விற்பனை வரி என்பதை இந்த நாட்டில் முதலில் கொண்டுவந்தது நம் மெட்ராஸ் மாகாணம்தான். 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குக் கொண்டுவந்த ராஜாஜி, கள்ளு வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-இல் அந்த வரியைப் போட்டார். எங்கள் பெரியவர், அவர் அப்பா காலத்துக் கடைக்காரர்கள் அதை எப்படித் திட்டினார்கள் என்று நடித்தே காட்டுவார். பிறகு 1959-ஆம் ஆண்டுச் சட்டம், 2007-இல் வாட், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.

பி.எஃப். விஷயத்தில் சட்டத்தின் கடுமை எனக்கு முழுச் சம்மதம். ஜி.எஸ்.டி.யில் அப்படிச் சொல்ல மாட்டேன். வசூலித்ததைக் கட்டாதவரைப் பிடிப்பது சரி. ஆனால் சிறுதொழில்காரருக்குப் பில் போட்ட மாதமே வரிப் பொறுப்பு வந்துவிடுகிறது. மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பெரிய கம்பெனியோ அந்தப் பில்லுக்குத் தொண்ணூறு நாள் கழித்துத்தான் பணம் தருகிறது. வாங்காத வரியைக் கையிலிருந்து கட்டு, தாமதித்தால் 18 சதவீத வட்டி என்றால் பட்டறைக்காரர் எங்கே போவார்? பெரிய கம்பெனியை உலுக்க யாருக்கும் மனமில்லை, பட்டறைக்காரர் கழுத்தில்தான் துண்டு. இது என் அபிப்பிராயம், ஆடிட்டர்கள் மறுப்பார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அக்கா மகன் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறையைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கினான். அதற்குக் குறைந்தது இரண்டு இயக்குநர் வேண்டும். “சும்மா ஒரு கையெழுத்துத்தானுங்க மாமா” என்றான். மாமாவும் போட்டார். அதன்பிறகு வருஷாவருஷம் தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பெட்டியும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட ஒரு கட்டுக் காகிதமும் வீட்டுக்கு வரும். ஒரு நாள் காகிதம் மட்டும் வந்தது, வரி அலுவலகத்திலிருந்து. பில்லில் வரி போட்டுவிட்டுப் பல மாதமாகக் கணக்கும் கொடுக்கவில்லை, பணமும் கட்டவில்லை.

அவர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 89-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினேன். பிரைவேட் கம்பெனியிடம் வசூலிக்க முடியாமல் போன வரிக்கு, அந்தக் காலத்தில் இயக்குநராக இருந்த ஒவ்வொருவரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. தன் பெரும் கவனக்குறைவாலோ முறைகேட்டாலோ கடமை தவறியதாலோ அது நேரவில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். “நான் ஒரு மீட்டிங்குக்குக்கூடப் போனதில்லையே” என்றார், அதுவே தன்னைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையோடு. வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கே வராத பையன், நான் எந்தத் தப்பும் பண்ணலையே சார் என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். மனிதர் வாயடைத்துப் போனார். கேட்ட பிறகு, கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

உடனே ராஜினாமா செய்கிறேன் என்றார். செய்யலாம், ஆனால் இருந்த காலத்துக்கு ராஜினாமா செய்தாலும் பதில் சொல்லியாக வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அக்கா மகன் ஒரு லேத்தை விற்று, மனைவி நகையை அடகு வைத்து வட்டியோடு கட்டினான். அவனும் நல்ல பையன்தான். மாமா வீட்டு வாசலுக்கு வரவே கூச்சப்பட்டு ஒரு மாதம் தலைமறைவாக இருந்தான். கடைசியில் ஹெட்மாஸ்டரே பஸ் ஏறிப் பட்டறைக்குப் போய், அவனோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தார். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. “நான் விலகிட்டா அவனைக் கேக்கறதுக்கு ஆள் இல்லையே” என்றார்.

இப்போது அவருக்கு நான் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. தளத்தில் கம்பெனியின் பதிவு எண்ணைத் தட்டினால் அந்த மாதக் கணக்கைத் தாக்கல் செய்தார்களா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கடவுச்சொல் தேவையில்லை. மாதாமாதம் 21-ஆம் தேதி காலை, பேரனின் செல்போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். தாக்கல் ஆகியிருந்தால் பேசாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆகவில்லை என்றால் அக்கா மகனுக்கு அப்போதே போன் போகும்: “ஏண்டா, வீட்டுப்பாடம் இன்னும் முடிக்கலையா?”